கணக்குப் பதில்கள்: சதுரங்கப் பலகையின் 20 இலக்க எண்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களுக்கும் சேர்த்து எத்தனை அரிசி? சென்ற இதழின் புதிர்ப் பக்கத்தில் இதற்கு விடையாக 18446744073709551615 என்று அச்சிட்டிருந்தோம். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

இந்த எண்ணை வாய்விட்டு எப்படிப் படிப்பது? காற்புள்ளி எங்கெங்கே வரும்? (வாசகி, தஞ்சாவூர்)

நம் முறையில் வலக்கோடியில் மூன்று இலக்கம், பிறகு இரண்டிரண்டாக: 1,84,46,74,40,73,70,95,51,615. படிப்பதற்குக் காற்புள்ளியை மறந்துவிட்டு, வலமிருந்து ஏழேழு இலக்கமாக வெட்டுங்கள். 184467 | 4407370 | 9551615 என்று மூன்று துண்டு கிடைக்கும். கடைசித் துண்டு அப்படியே, நடுத்துண்டு கோடியில், முதல் துண்டு கோடி கோடியில். ஆக, ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடி, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து.

மேல்நாட்டு முறையில் மும்மூன்றாக வெட்டினால் 18,446,744,073,709,551,615. இரண்டு முறையையும் ஒரே எண்ணில் கலந்து எழுதியவர்கள் பலர். அப்படி எழுதினால் இலக்கம் விட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாது. மொத்தம் 20 இலக்கம் இருக்கிறதா என்று ஒரு தரம் எண்ணிவிடுங்கள்.

கால்குலேட்டர் இல்லாமல் இந்த விடையைக் கண்டுபிடிக்க முடியுமா? 64 முறை இரட்டிக்கத்தான் வேண்டுமா? (பிளஸ் ஒன் மாணவர், விருதுநகர்)

வேண்டியதில்லை. ஆறே பெருக்கல் போதும், அதில் கடைசி ஒன்றுதான் பெரியது.

முதலில், 64 கட்டங்களையும் தனித்தனியே கூட்டும் வேலையை ஒழிப்போம். முதல் கட்டத்தில் கடனாக இன்னொரு அரிசியைப் போடுங்கள். அங்கே இப்போது 2. அடுத்த கட்டத்தின் 2-ஐச் சேர்த்தால் 4. அதற்கடுத்த 4-ஐச் சேர்த்தால் 8. இப்படியே போனால் 64-ஆம் கட்டம் முடியும்போது கையில் இருப்பது சரியாக 2⁶⁴. கடன் வாங்கிய ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் 2⁶⁴ − 1. பலர் இந்த 'ஒன்று கழித்தலை' விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் 64-ஆம் கட்டத்தில் இருப்பது 2⁶⁴ என்று நினைக்கிறார்கள். முதல் கட்டத்தில் இருப்பது 2⁰, அதாவது 1. எனவே 64-ஆம் கட்டத்தில் இருப்பது 2⁶³ = 9223372036854775808. அதற்கு முந்தைய 63 கட்டங்களின் கூட்டுத்தொகையைவிட அது ஒன்றே ஒன்று கூடுதல்.

இனி 2⁶⁴. வர்க்கத்தை வர்க்கமாக்கிக்கொண்டே போங்கள்: 2, 4, 16, 256, 65536, 4294967296. இந்தக் கடைசி எண் 2³². இதன் வர்க்கம்தான் வேண்டும். அதை 42949, 67296 என்று ஐந்தைந்து இலக்கமாக இரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள்.

42949-இன் வர்க்கம்: 43000-இலிருந்து 51 குறைவு என்று வைத்துப் போட்டால் 1844616601. இதற்குப் பின்னால் 10 சுழியம்.
இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 5780591808. இதற்குப் பின்னால் 5 சுழியம்.
67296-இன் வர்க்கம்: 67300-இலிருந்து 4 குறைவு. 4528751616. இது அப்படியே.

மூன்றையும் கூட்டினால் 18446744073709551616. ஒன்றைக் கழித்தால் நம் எண்.

பிழை வருவது பெரும்பாலும் நடு வரியில்தான். இரட்டிக்க மறப்பது ஒன்று, சுழியத்தில் ஒன்று கூட்டிக் குறைத்துவிடுவது மற்றொன்று. முதல் வகைப் பிழையை ஒன்பதின் மீதி இங்கே காட்டிக்கொடுத்துவிடும். 4294967296-இன் இலக்கங்களைக் கூட்டினால் 58, பிறகு 13, பிறகு 4. நான்கின் வர்க்கம் 16, அதாவது 7. விடையின் இலக்கக் கூட்டு 88, பிறகு 16, பிறகு 7. பொருந்துகிறது. ஆனால் சுழியம் ஒன்று தள்ளிப்போனாலும் இலக்கங்கள் இடம் மாறினாலும் ஒன்பது கண்டுகொள்ளாது. அதற்குப் பதினொன்றின் மீதி வேண்டும்: வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழியுங்கள். 4294967296-க்கு −18 வரும், 22 சேர்த்தால் 4. அதன் வர்க்கம் 16, மீதி 5. விடைக்கு 38 வரும், மீதி 5. இரண்டு சோதனையிலும் தேறினால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அல்-பிரூனி கி.பி. 1000 வாக்கில் இந்த எண்ணைக் கணக்கிட்டபோது கையாண்டதும் இந்த வர்க்க வழியைத்தான்.

தோராய மதிப்புப் போதுமென்றால் இன்னும் சுருக்கம்: 2¹⁰ என்பது ஏறத்தாழ ஆயிரம். 2⁶⁴ = 16 × (2¹⁰)⁶, அதாவது 16-க்குப் பின் 18 சுழியம். ஒவ்வொரு ஆயிரத்திலும் 24-ஐ விட்டுவிட்டதால் விடை 15 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தாழ்ந்து நிற்கும்.

எக்செலில் இந்த எண்ணைத் தட்டச்சு செய்தால் ...709500000 என்று முடிகிறது. அதே எக்செலில் 2-இன் 64-ஆம் அடுக்கைக் கேட்டால் ...709600000 என்கிறது. எது சரி? (தணிக்கையாளர், கோயம்புத்தூர்)

இரண்டுமே சரியில்லை. எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. நீங்கள் தட்டச்சு செய்யும்போது 16-ஆம் இலக்கத்திலிருந்து எல்லாவற்றையும் வெட்டிச் சுழியமாக்கிவிடுகிறது, அதனால் 18446744073709500000. தானே கணக்கிட்டுக் காட்டும்போது வெட்டாமல் முழுமையாக்குகிறது. 16-ஆம் இலக்கம் 5 என்பதால் முந்தைய இலக்கம் ஒன்று ஏறி 18446744073709600000 ஆகிறது.

ஜாவாஸ்கிரிப்டில் கேட்டால் மூன்றாவதாக ஒரு விடை வரும்: 18446744073709552000. அடியில் நடப்பது ஒன்றுதான். இந்த மென்பொருள்கள் எண்ணைச் சேமிக்கப் பயன்படுத்தும் மிதவைப்புள்ளி முறையில் எண்ணின் உருவுக்கு 53 பிட் (0 அல்லது 1 நிற்கும் இடம்) மட்டுமே உண்டு. 9007199254740992 (அதாவது 2⁵³) வரை எல்லா முழு எண்ணும் தப்பாமல் நிற்கும். அதற்கு மேல் இடைவெளி விழத் தொடங்கும். நம் எண்ணுக்குச் சற்றுக் கீழே அந்த இடைவெளி 2048. ஆகவே 2⁶⁴ − 1 என்ற எண்ணுக்கு அங்கே இடமே கிடையாது. மிக அருகில் இருக்கும் 2⁶⁴-இல் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒன்றைக் கழித்தீர்களா இல்லையா என்பதே அதற்குத் தெரியாது.

துல்லியமாக வேண்டுமானால் பைத்தானில் 2**64-1 என்று கொடுங்கள், 20 இலக்கமும் வரும். ஆனால் 2-க்குப் பதில் 2.0 என்று எழுதினால் மறுபடியும் அதே மிதவைப்புள்ளிக் குழியில் விழுவீர்கள். எக்செலில் கணக்கு வேண்டாம், எண் அப்படியே நின்றால் போதும் என்றால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு எழுத்தாகப் பதியுங்கள். தணிக்கை வேலையில் இது வெறும் புதிர்க் கணக்கு இல்லை: 16 இலக்க அட்டை எண்ணை எண்ணாகப் பதிந்தால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். பிறகு கட்டத்தின் வடிவத்தை 'எழுத்து' என்று மாற்றினாலும் போனது போனதுதான்.

7-ஆல் வகுபடுமா, 13-ஆல் வகுபடுமா என்று ஒவ்வொன்றாக வகுத்துத்தான் பார்க்க வேண்டுமா? (ஆசிரியை, திண்டுக்கல்)

20 இலக்கத்தைத் தொடவே வேண்டாம். இரட்டித்துக்கொண்டு போகும்போது மீதி எப்படிச் சுழல்கிறது என்று பார்த்தால் போதும்.

7-ஆல் வகுத்தால் 2, 4, 8, 16... ஆகியவற்றின் மீதி 2, 4, 1, 2, 4, 1. மூன்று படிக்கு ஒரு முறை 1 வருகிறது. 64-இல் மும்மூன்றாக 63 படி போய் ஒன்று மிஞ்சும், எனவே 2⁶⁴-இன் மீதி 2. ஒன்றைக் கழித்தால் நம் எண்ணின் மீதி 1. வகுபடாது. 11-க்குச் சுழற்சி 10 படி, 64-இல் 4 மிஞ்சும். 16-இன் மீதி 5, நம் எண்ணுக்கு 4. 13-க்குச் சுழற்சி 12, இங்கும் 4 படி மிஞ்சும். 16-இன் மீதி 3, நம் எண்ணுக்கு 2.

வகுபட வேண்டுமானால் 64-ஆம் படியில் மீதி 1 ஆக இருக்க வேண்டும். அதாவது சுழற்சியின் நீளம் 64-ஐ மிச்சமின்றி வகுக்க வேண்டும். 64-இன் வகுத்திகள் 1, 2, 4, 8, 16, 32, 64 மட்டுமே. சுழற்சி 3, 10, 12 என்று இருக்கும் எந்த எண்ணுக்கும் இங்கே வேலை இல்லை. 3-இன் சுழற்சி 2, 5-இன் சுழற்சி 4, 17-இன் சுழற்சி 8: இவை மூன்றும் நம் எண்ணை வகுக்கும். 9-இன் சுழற்சி 6 என்பதால் 9 வகுக்காது. இலக்கக் கூட்டு 87 என்பதும் அதையே சொல்கிறது.

மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இந்தச் சுழற்சியை அழுத்திச் சொல்லுங்கள். இந்த எண்ணின் குணம் எல்லாம் 64 என்ற அடுக்கிலிருந்து வருகிறது. 20 இலக்கத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

இதன் பகாக் காரணிகள் எவை? இவ்வளவு பெரிய எண்ணை எங்கிருந்து உடைக்கத் தொடங்குவது? (வாசகர், யாழ்ப்பாணம்)

பலகையிலிருந்தே தொடங்கலாம். மேல்பாதி 32 கட்டம், கீழ்ப்பாதி 32 கட்டம். கீழ்ப்பாதியின் ஒவ்வொரு கட்டமும் மேல்பாதியில் அதற்கு நேரான கட்டத்தைப் போல 4294967296 மடங்கு. ஆகவே மொத்தம் என்பது மேல்பாதி × 4294967297. ஒரு பெருக்கல் கிடைத்துவிட்டது.

மேல்பாதியின் நான்கு வரிசையையும் இரண்டிரண்டாகப் பிரியுங்கள். பின்னிரண்டு வரிசை முன்னிரண்டைப் போல 65536 மடங்கு. எனவே மேல்பாதி = இரண்டு வரிசை × 65537. இரண்டு வரிசை = ஒரு வரிசை × 257. ஒரு வரிசை என்பது 1 முதல் 128 வரை, மொத்தம் 255. அது அரை வரிசையான 15-ஐப் போல 17 மடங்கு. 15 என்பது 3 × 5.

எல்லாம் சேர்ந்தால்: 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297. முதல் ஐந்தும் பகா எண்கள். கடைசியில் இருப்பது பகா எண் போலத் தோன்றும், ஆனால் அது 641 × 6700417. இந்த இரண்டும் பகா எண்கள். ஆக மொத்தம் ஏழு பகாக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை.

64-க்குப் பதில் 63 கட்டமோ 65 கட்டமோ இருந்தால் இப்படிப் பாதி பாதியாக மடிக்க முடியாது. 64 என்பது இரண்டை மட்டுமே பெருக்கி வந்தது என்பதால்தான் இது கடைசிவரை மடிகிறது.

4294967297-ஐ 641 வகுக்கும் என்று எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்? ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்தா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

இந்த எண்ணுக்கு ஒரு கதை உண்டு. 3, 5, 17, 257, 65537 என்று வரும் இந்த வரிசையில் எல்லாமே பகா எண்கள் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா நம்பினார். அடுத்தது 4294967297. 1732-இல் ஆய்லர் அதை உடைத்துக் காட்டினார். அதற்கப்புறம் இந்த வரிசையில் இன்றுவரை ஒரு பகா எண்கூட அகப்படவில்லை.

வழி இதுதான். 4294967297 என்பது 2³² + 1. ஒரு பகா எண் அதை வகுத்தால், 32-ஆம் படியில் மீதி −1, 64-ஆம் படியில் மீதி 1. அதாவது அந்தப் பகா எண்ணின் சுழற்சி சரியாக 64. சுழற்சியின் நீளம் எப்போதும் பகா எண்ணில் ஒன்று குறைத்ததை வகுக்கும். எனவே நாம் தேடும் பகா எண் 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்க முடியும்.

65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641... இவற்றில் பகா எண்களை மட்டும் பொறுக்கினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் அகப்பட்டுவிடுகிறது. பின்னால் லூக்கா இந்த விதியை இன்னும் இறுக்கினார்: 64-இன் மடங்கு போதாது, 128-இன் மடங்காக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 641-க்கு முன்னால் 257 ஒன்றுதான் நிற்கும்.

வகுபடுகிறது என்பதை வகுக்காமலே காட்டலாம். 641 = 5 × 128 + 1. ஆகவே 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு ஏற்றினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இன்னொரு பக்கம் 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. எனவே 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். −2³²-இன் மீதி 1. அப்படியானால் 2³² + 1-இன் மீதி 0. ஒரு அஞ்சலட்டையில் எழுதி முடித்துவிடலாம்.

மிச்சமிருக்கும் 6700417 பகா எண்தானா என்பதையும் அதே விதியால் முடிக்கலாம். அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றுத் தாண்டும். அதுவரை 128-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய பகா எண்கள் ஐந்தே: 257, 641, 769, 1153, 1409. வகுத்துப் பாருங்கள், மீதி முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றும் வகுக்கவில்லை, எனவே பகா எண். இந்த விதி இல்லாமல் 2588 வரை உள்ள எல்லாப் பகா எண்ணாலும் வகுக்க உட்கார்ந்தால் பொழுது போய்விடும்.

மொத்தம் எத்தனை வகுத்திகள்? (வாசகர், சேலம்)

ஏழு பகாக் காரணிகளில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம். 2⁷ = 128 வகுத்திகள், 1-உம் அந்த எண்ணும் உட்பட. தன்னைத் தவிர மிகப் பெரியது 3-ஆல் வகுத்தது: 6148914691236517205. பலகையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படைக் கட்டங்களில் இருக்கும் அரிசி அவ்வளவும் சேர்ந்தால் இந்தத் தொகைதான். இரட்டைப்படைக் கட்டங்களில் இருப்பது இதைப்போல இரு மடங்கு.

அந்த 128-இல் 32 வகுத்திகளுக்குத் தனி மதிப்பு உண்டு. 641-உம் 6700417-உம் சேராமல் 3, 5, 17, 257, 65537 மட்டும் பெருக்கி வருபவை அவை. 1-ஐ நீக்கினால் 31. ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணங்களில், அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரைய முடியும் என்று நமக்குத் தெரிந்தவை இந்த 31 தான். 17 பக்கத்தை வரையலாம் என்று காஸ் 1796-இல் கண்டார். வேறு எண்களுக்கு முடியாது என்ற மறுபாதியை 1837-இல் வான்ட்ஸெல் நிரூபித்தார். 65537 பக்கத்துக்கு ஹெர்மெஸ் என்பவர் ஏறத்தாழப் பத்தாண்டு உழைத்து 1894-இல் செய்முறை எழுதி முடித்தார், கையெழுத்துப் படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதை வைத்து யாரும் படம் வரையப் போவதில்லை. 65537 பக்கம் என்றால் கண்ணுக்கு அது வட்டம்தான்.

நான் எழுதிய சி++ நிரல் திடீரென்று 18446744073709551615 என்று அச்சிட்டது. அரிசிக் கணக்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு? (மென்பொருள் பணியாளர், சென்னை)

64 பிட்டும் 1 ஆக இருந்தால் வரும் எண் இது. ஒவ்வொரு பிட்டும் ஒரு கட்டம், எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது, அவ்வளவுதான். பதினாறடிமானத்தில் 16 எஃப்.

உங்கள் நிரலில் நடந்திருக்கக் கூடியது: மைனஸ் எண்ணுக்கு இடமில்லாத 64 பிட் வகையில் 0-இலிருந்து 1-ஐக் கழித்திருப்பீர்கள். 64 ஒன்றுகளோடு ஒன்றைக் கூட்டினால் எல்லாம் சுழியமாகி, மிகுதி வெளியே விழுந்துவிடும். அந்தக் காரணத்தாலேயே கணினியில் −1-இன் உருவமும் அதே 64 ஒன்றுகள். மைனஸ் அனுமதிக்கும் வகையில் படித்தால் −1, அனுமதிக்காத வகையில் படித்தால் நம் 20 இலக்கம்.

முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. பட்டியலின் நீளத்திலிருந்து 1 கழிக்கும் வரி: பட்டியல் காலியாக இருந்தால் மாட்டிக்கொள்ளும். கடைசி உறுப்பிலிருந்து 0 வரை இறங்கும் சுற்று: 'சுழியத்துக்குக் குறையாத வரை' என்ற நிபந்தனை அந்த வகையில் எப்போதும் உண்மையாகவே இருக்கும், சுற்று நிற்காது. மூன்றாவது, சரத்தில் தேடும் செயற்கூறு: தேடியது கிடைக்கவில்லை என்பதைச் சொல்ல அது திருப்பித் தருவது அந்த வகையின் மிகப் பெரிய எண்ணை. 64 பிட் கணினியில் அது இதுதான். கிடைத்ததா என்று சோதிக்காமல் அதை இடக்குறியாகப் பயன்படுத்தினால் நிரல் படுத்துவிடும்.

சரிசெய்ய, கழித்துவிட்டு ஒப்பிடாதீர்கள். நீளத்தோடு ஒப்பிடும்போது இடப்பக்கம் 1 கூட்டி ஒப்பிடுங்கள். இறங்கும் சுற்றில், நீளத்தில் தொடங்கி, சோதித்த பிறகு ஒன்றைக் குறையுங்கள்.

ஹனோய் கோபுரப் புதிரிலும் இதே எண் வருகிறதே, தற்செயலா? (வாசகர், மதுரை)

இல்லை. மேலே சொன்ன லூக்காதான் 1883-இல் அந்த விளையாட்டை வெளியிட்டார். காசிக் கோயிலில் 64 பொன் தட்டுகள், அவற்றைக் குருமார்கள் ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறார்கள், முடிந்தால் உலகம் அழியும் என்பது அதோடு சேர்த்துப் பரப்பப்பட்ட கதை. கம்பங்கள் மூன்று; ஒரு நகர்வில் ஒரு தட்டுதான், சிறிய தட்டின்மேல் பெரியதை வைக்கக் கூடாது.

அடித்தட்டை நகர்த்த வேண்டுமானால் மேலே உள்ள 63-ஐயும் ஒரு முறை வேறிடம் கொண்டுபோய், பிறகு மறுபடி அதன்மேல் கொண்டுவர வேண்டும். ஆக ஒரு தட்டு கூடும்போது நகர்வுகள் இரட்டித்து ஒன்று கூடும்: 1, 3, 7, 15... 64 தட்டுக்கு 2⁶⁴ − 1. நொடிக்கு ஒரு நகர்வு என்றால் ஏறத்தாழ 58,454 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு.

ஆடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஒற்றைப்படை நகர்வுகளில் எப்போதும் மிகச் சிறிய தட்டை ஒரே திசையில் அடுத்த கம்பத்துக்கு நகர்த்துங்கள். இரட்டைப்படை நகர்வில் சிறியதைத் தொடாமல் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அதைச் செய்யுங்கள். தட்டுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் முதல் நகர்வு இலக்குக் கம்பத்துக்குப் போகக் கூடாது, மற்றதற்குப் போக வேண்டும். மாற்றித் தொடங்கினால் கோபுரம் தவறான கம்பத்தில் முழுமையாக எழுந்து நிற்கும். எந்த நகர்வில் எந்தத் தட்டு என்றும் சொல்லிவிடலாம்: நகர்வு எண்ணை எத்தனை முறை மிச்சமின்றிப் பாதியாக்கலாம் என்று எண்ணி ஒன்று கூட்டுங்கள். 40-ஆவது நகர்வா? 20, 10, 5, மூன்று முறை. எனவே மேலிருந்து நான்காவது தட்டு.

அவ்வளவு அரிசி எத்தனை டன்? (இல்லத்தரசி, நாகப்பட்டினம்)

ஆயிரம் அரிசி 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சன்ன ரகம் இதைவிடக் குறைவாகவும் குண்டு அரிசி கூடுதலாகவும் இருக்கும். கிராமுக்கு 50, டன்னுக்கு 5 கோடி அரிசி. மொத்தம் 36,893 கோடி டன். உலகம் முழுவதும் ஆண்டுக்கு விளையும் அரிசி 50 கோடி டன்னைச் சற்றுத் தாண்டும். அந்தக் கணக்கில் ஏறத்தாழ 700 ஆண்டு விளைச்சல். கேரளத்து அம்பலப்புழைக் கோயிலின் பால்பாயசக் கதையில், சதுரங்கத்தில் தோற்ற அரசன் இதே கணக்கில் அரிசி கொடுக்க முடியாமல் போனதில் வியப்பில்லை.

வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்தால் ஒரு கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது 15 கட்டம் நிரப்பும் (32,767 அரிசி). 16-ஆம் கட்டத்துக்குத் தனியே 32,768 வேண்டும், கையில் மிஞ்சுவது 17,233 தான். 25 கிலோ மூட்டையை முழுதாக அவிழ்த்தாலும் 20 கட்டத்தைத் தாண்டாது. எட்டாம் கட்டம் வரை (255 அரிசி) கையால் எண்ணுங்கள், அதற்கு மேல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். எண்ணிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள்.

2-இன் அடுக்கில் ஒன்று குறைத்தால் பகா எண் வரும் என்று படித்தேன். இங்கே ஏன் வரவில்லை? இதற்குக் கீழே மிக அருகில் உள்ள பகா எண் எது? (பத்தாம் வகுப்பு மாணவர், புதுச்சேரி)

அடுக்கே பகா எண்ணாக இருந்தால்தான் வர வாய்ப்பு உண்டு. 64 பகு எண், எனவே முயலவே வேண்டாம். 61 பகா எண்; 2⁶¹ − 1 = 2305843009213693951 பகா எண்தான், 1883-இல் பெர்வூஷின் நிரூபித்தார். ஆனால் அடுக்கு பகா எண் என்பதே போதாது: 67 பகா எண், ஆனாலும் 2⁶⁷ − 1 = 193707721 × 761838257287 என்று 1903-இல் கோல் உடைத்தார்.

2⁶⁴-க்குக் கீழே மிக அருகில் உள்ள பகா எண் அதிலிருந்து 59 குறைவு: 18446744073709551557.